ஒற்றைத் தாள் மனு

14

மாமனார் பக்கத்தில் காபி டம்ளரை வைத்துவிட்டு நின்றாள் செல்லக்கண்ணு. சின்னையா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. டம்ளரையும் எடுக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமையிலிருந்து இந்த வீட்டில் இதே நிலைமைதான்.

பாலக்கரையில் அந்தச் சந்துக்குள் நுழைந்து, "மனு சின்னையா வீடு எது?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். ஸ்ரீரங்கத்தில் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு, கிராமத்து ஜனங்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர் அவர். கிணறு வேண்டும், வாய்க்கால் பாலம் வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட வேண்டும் என்று சர்க்கார் மானியம் கேட்டு வருகிறவர்கள் முதலில் அவர் மேஜைக்குத்தான் வருவார்கள். விண்ணப்பப் படிவம் இங்கிலீஷில் ஐந்து தாள். அதை அவரும் பக்கத்து மேஜைக்காரர் தாஜுதீனும் தவிர வெளியே நிரப்பத் தெரிந்தவர் இல்லை.

அதே ஆபீசுக்குள்ளேதான் மருமகள் செல்லக்கண்ணுவுக்குக் கிராம சேவிகா உத்தியோகம். அந்த வேலைக்கு மனு எழுதிப் போட்டவரே சின்னையாதான். கல்யாணமாகி வந்த பெண்ணை ஊர் ஊராகச் சுற்ற அனுப்புகிறாரே என்று சந்தே பேசியது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த மருமகள் செய்த காரியத்தைத் தாஜுதீன் சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார்.

"என்னங்க சின்னையா, உங்க மருமக நம்ம ரெண்டு பேர் மேஜையையும் தூக்கப் போறாங்க போலிருக்கே? அஞ்சு தாளை ஒரே தாளா ஆக்கி, தமிழ்ல எழுதிக் குடுத்திருக்காங்களாம். கமிஷனர் மெட்ராசுக்கே அனுப்பிட்டாராம். யாரும் யாரையும் கேக்காம அவங்கவங்களே எழுதிக்கலாமாம்."

அன்று வீட்டுக்கு வந்தவர் மருமகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நெஜமா?"

"நெஜந்தான் மாமா" என்றாள் அவள்.

அதோடு பேச்சு நின்றுபோயிற்று.

இன்று மெட்ராசிலிருந்து அந்தத் தாளைப் பார்க்கப் பெரிய அதிகாரி வருகிறார்.

செல்லக்கண்ணு அடுக்களைக்குள் வந்தாள். மாமியார் ரெங்கம்மாள் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இன்னிக்கு ஒருநாள் லீவு போட்டுடேன் கண்ணு. நீ இல்லேன்னா அது பாட்டுக்குத் தள்ளிப்போயிடும்."

"தள்ளிப்போனா மார்ச் முடிஞ்சிடும் அத்தை. கிணத்துக்குன்னு ஒதுக்கின பணம் சர்க்காருக்கே திரும்பிப் போயிடும். மணமேட்டுப்பட்டிக்காரங்க இந்தக் கோடைக்கும் ஊத்துத் தோண்டித்தான் தண்ணி எடுக்கணும்."

"மணமேட்டுப்பட்டி பெரிசா, உங்க மாமா பெரிசா?"

இரவெல்லாம் செல்லக்கண்ணுவும் தன்னை அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமாவைப் பாத்துத்தான் அத்தை எனக்கு அந்தத் தாளை எழுதவே தோணிச்சு" என்றாள் கடைசியில். "சாயங்காலம் வந்து கைய உதறுவார் பாருங்க, எழுதி எழுதி வலிக்குதுன்னு. அப்பல்லாம் நெனைப்பேன், எதுக்கு இவ்வளவு எழுதணும்னு."

ரெங்கம்மாள் திரும்பிப் பார்த்தாள். பிறகு சாப்பாட்டுத் தூக்கை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான்.

மாமனாரும் மருமகளும் ஒரே பஸ்ஸில்தான் போனார்கள். அவர் டிரைவருக்குப் பின் சீட்டில்; அவள் பெண்கள் வரிசையில். காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது இருவரும் வேறு வேறு ஜன்னல் வழியாக ஒரே மணலைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

*

ஆபீஸ் அன்று கல்யாண வீடு போல இருந்தது. வெள்ளையடித்த வாசனை. புது மேஜைவிரிப்பு. யூனியன் கமிஷனர் அடைக்கலராஜ் உள்ளுக்கும் வெளிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"வந்திட்டீங்களாம்மா? மணமேட்டுப்பட்டிக்காரங்க யாராவது வந்திருக்காங்களா?"

"மாரியாயி வந்திருக்காங்க சார்."

மாரியாயி வராந்தாவில் தூணோரமாக நின்றிருந்தாள். மணமேட்டுப்பட்டி மாதர் சங்கத் தலைவி. முக்கொம்புக்குத் தெற்கே மேட்டுப் பாங்கான ஊர் அது. மேட்டில் ஏறி நின்றால் காவிரி கண்ணுக்குத் தெரியும். குடத்துக்குத்தான் தண்ணீர் கிடையாது. கிணறு கேட்டு அவர்கள் போட்ட மனு கர்ணம் முத்திரை இல்லை என்று ஒரு தடவை திரும்பியது. சர்வே நம்பர் தப்பு என்று மறுபடி திரும்பியது. ஸ்டாம்பு ஒட்டவில்லை என்று இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் மாரியாயிதான் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். செல்லக்கண்ணு நடத்திய மாலை வகுப்பில் சேர்ந்து அவள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதே, அந்த மனுவில் என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்க்கும் ஆத்திரத்தில்தான்.

அதிகாரி வந்தார். கதர்ச் சட்டை, மூக்குக்கண்ணாடி. மாலையை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"எனக்கு வரவேற்பெல்லாம் வேண்டாங்க. இந்தத் தாள் வேலைக்கு ஆகுமா, ஆகாதா? அதுதான் தெரியணும். கிராமத்து ஆள் ஒருத்தர் யார் உதவியும் இல்லாம இதை எழுதட்டும். சரியா வந்தா, இந்த வருஷ விண்ணப்பங்களையே இதுல வாங்கிக்கலாம்னு இப்பவே எழுதிக் குடுத்துட்டுப் போறேன். வரலேன்னா அடுத்த வருஷம் யோசிக்கலாம்."

ஹெட் கிளார்க் சுடலைமுத்து எழுந்தார். அவருக்கு இந்தத் தாள் பேச்சு ஆரம்பித்த நாளிலிருந்தே பிடிக்கவில்லை.

"ஒரே தாள்னா யார் வேணா என்ன வேணா எழுதிடுவாங்க ஐயா. நாளைக்குத் தணிக்கைக்காரங்க வந்து கேட்டா நாங்கதான் பதில் சொல்லணும்."

அதிகாரி செல்லக்கண்ணுவைப் பார்த்தார். "என்னம்மா சொல்றீங்க?"

அவள் ஓரடி முன்னால் வந்து பேசினாள்.

"அஞ்சு தாள்ல எழுதினாலும் நம்ம ஓவர்சியர் நேர்ல போய்ப் பாத்துத்தான் கிணத்துக்கு அளவு போடறார் சார். பொய் சொன்னா அங்கேயே தெரிஞ்சிடும். சர்வே நம்பர் நம்ம ஆபீஸ் பீரோவிலேயே இருக்கு. அதை நாம எடுத்துப் பாக்காம, அவங்களை எதுக்கு அலைய விடணும்?"

அடைக்கலராஜ் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கினார். சுடலைமுத்து விடவில்லை.

"சரி, அந்த மாரியாயி எழுதறது சரியா தப்பான்னு யார் சொல்றது? கமிஷனர் ஐயா சொன்னா அவர் அனுப்பினது. சேவிகா சொன்னா அவங்க எழுதினதுக்கு அவங்களே மார்க் போட்ட மாதிரி. வெளியே அனுபவப்பட்ட எழுத்தர் ஒருத்தர் இருக்கார். யூனியன் வர்றதுக்கு முன்னாலேர்ந்து மனு எழுதறவர். அவரைக் கூப்பிட்டு வச்சுக்கலாங்க."

"நல்ல யோசனை. கூப்பிடுங்க" என்றார் அதிகாரி.

அவர் சொல்வது மாமனாரைத்தான் என்று செல்லக்கண்ணுவுக்குப் புரிந்தது. சுடலைமுத்துவுக்கு எல்லாம் தெரியும். வீட்டில் மாமனார் பேசுவதில்லை என்பது வரைக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கிறார். அடைக்கலராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். 'அவர் சேவிகாவின் மாமனார், வேண்டாம்' என்று சொன்னால் பயந்ததாகிவிடும். பேசாமல் உட்கார்ந்தார்.

ப்யூன் பின்னால் சின்னையா உள்ளே வந்தார். சட்டைக் கை பட்டனைப் போட்டுக்கொண்டே வந்தார். மருமகள் நின்ற பக்கம் திரும்பவில்லை.

*

மாரியாயியை மேஜை முன்னால் உட்கார வைத்தார்கள். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள். தாளும் பேனாவும் எதிரே.

"பயப்படாதீங்கம்மா. மெதுவா எழுதுங்க" என்றார் அதிகாரி.

சின்னையா அவளுக்குப் பின்னால் நின்றார். செல்லக்கண்ணு கதவோரம். அவள் வாயே திறக்கக்கூடாது என்று சொல்லியாயிற்று.

உங்கள் ஊர் எது? மாரியாயி எழுத்துக் கூட்டிப் படித்தாள். எழுதினாள். உங்களுக்கு என்ன வேண்டும்? கிணறு. எந்த இடத்தில்? மாரியம்மன் கோயிலுக்கு வடக்கால, புளியமரத்துக்கிட்ட. அந்த இடம் யாருடையது? ஊர்ப் பொது இடம். யார் யார் தண்ணீர் எடுப்பார்கள்? ஊரில் எல்லாரும். சேரி ஜனங்களும்.

எழுத்து பெரிசு பெரிசாக இருந்தது. 'ண' வர வேண்டிய இடத்தில் 'ன' வந்தது. ஆனால் படித்தால் புரிந்தது.

சின்னையா எழுத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். களை பறித்துப் பறித்து விரல் முட்டியெல்லாம் காய்த்துப்போன கை. இந்த மாதிரி எத்தனை கைகளைப் பிடித்திருப்பார்! கட்டை விரலை அவரே பிடித்து, மையில் அழுத்தி, தாளில் அழுத்தி, 'ம், எடு' என்பார். எதற்கு வைக்கிறோம் என்று அந்தக் கைகள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. இந்தக் கை பேனாவைப் பிடித்திருந்தது. கொஞ்சம் இறுக்கமாகவே பிடித்திருந்தது.

பேனா நின்றது.

கடைசிக்கு முந்தின கேள்வி. 'பொதுமக்கள் பங்கின் தன்மை.'

மாரியாயி ஒருமுறை படித்தாள். உதட்டை அசைத்து மறுபடி படித்தாள். செல்லக்கண்ணு பல்லைக் கடித்தாள். தாளில் எல்லாக் கேள்வியையும் பேசுகிற மாதிரி எழுதியவள், இந்த ஒன்றை மட்டும் பழைய படிவத்திலிருந்து அப்படியே தமிழாக்கிப் போட்டிருந்தாள். அவளுக்கு அது பழகிப்போன வார்த்தை. மாரியாயிக்கு?

மாரியாயிக்கு 'பங்கு' என்பது மட்டும் தெரிந்தது. பங்கு என்றால் பணம். ஊரில் யாரிடம் இருக்கிறது பணம்? பொய் எழுதக்கூடாது. அவள் பேனாவைத் தாளில் வைத்து 'இ' என்று ஆரம்பித்தாள்.

'இல்லை' என்று எழுதப் போகிறாள்.

அறைக்குள் இருந்த எல்லாருக்கும் அது புரிந்தது. ஊரார் பங்கு ஒன்றும் இல்லை என்றால் மானியம் இல்லை. அது சட்டம். எழுதி முடித்தால் மனுவும் போயிற்று, தாளும் போயிற்று. சுடலைமுத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

சின்னையா தொண்டையைக் கனைத்தார்.

"ஐயா, அந்தக் கேள்விய நான் ஒரு தடவை வாயால கேட்டுப் பாக்கலாங்களா?"

"உதவி கூடாதுன்னு சொன்னேனே" என்றார் அதிகாரி.

"உதவி இல்லீங்க. இந்தம்மாவுக்குப் பதில் தெரியும். கேள்விதான் புரியல. எங்கிட்ட வர்றவங்க யாருக்குமே இது புரிஞ்சதில்லீங்க. நான் வேற மாதிரி கேட்டுத்தான் எழுதுவேன்."

அதிகாரி எட்டி அந்தக் கேள்வியைப் படித்தார். "கேளுங்க."

சின்னையா குனிந்தார். "ஏம்மா, கிணறு வெட்டறதுக்கு ஊர்க்காரங்க நீங்க என்ன குடுப்பீங்க? பணமா, ஆளா, சாமானா?"

மாரியாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பணத்துக்கு எங்கங்க போறது? வீட்டுக்கு ஒரு ஆளு மம்முட்டியோட வந்துடுவோம். கரட்டுல கல்லு கெடக்கு. எங்க வண்டியிலேயே ஏத்திக் கொண்டாந்து போட்டுருவோம். பொம்பளைங்க மண்ணு சுமப்போம். கஞ்சி காய்ச்சறது மாதர் சங்கம். அதையா கேக்கறாங்க இதுல?"

"அதைத்தான் கேக்கறாங்க."

"அட, அப்படிக் கேக்க வேண்டியதுதானே!"

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். தாளை வாங்கி, அந்த வரியைத் தன் கையாலேயே அடித்தார். சின்னையா சொன்ன கேள்வியை மேலே எழுதினார். "இப்ப எழுதுங்கம்மா. 'இ'யை அடிச்சுடுங்க."

மாரியாயி எழுதினாள். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினாள். கடைசியில் தன் பெயரைப் போட்டு, கீழே ஒரு கோடும் இழுத்தாள்.

அதிகாரி தாளைச் சின்னையாவிடம் நீட்டினார். "பாருங்க. இதை வச்சுக் கிணத்துக்கு மானியம் மஞ்சூர் பண்ணலாமா?"

சின்னையா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். அவசரப்படவே இல்லை. செல்லக்கண்ணு புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"பண்ணலாங்க" என்றார். "நான் எழுதற அஞ்சு தாள்லயும் சர்க்காருக்கு வேண்டியது இவ்வளவுதான். மத்ததெல்லாம் எழுதினதையே திருப்பித் திருப்பி எழுதறது."

"சின்னையா!" சுடலைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "யோசிச்சுத்தான் பேசறீங்களா? இந்தத் தாள் வந்தா உங்ககிட்ட எவன் வருவான்?"

"வரமாட்டாங்க. தெரிஞ்சுதான் சொல்றேன்."

அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடைக்கலராஜைப் பார்த்தார். "இந்தத் தாளை எழுத இவர்தான் உதவினாரா?"

"இல்லை சார். அதோ நிக்கறாங்களே, எங்க சேவிகா செல்லக்கண்ணு, அவங்க மட்டுமே எழுதினது."

"ஏம்மா, அந்த ஒரு கேள்வி மட்டும் எப்படி அப்படி ஆச்சு?"

"தப்பு என்னோடதுதான் சார். பழசைப் பாத்து எழுதிட்டேன். இனிமே வாயால கேட்டுப் பாத்துட்டுத்தான் எழுதுவேன்" என்றாள் செல்லக்கண்ணு.

"நல்லது." அதிகாரி சின்னையாவிடம் திரும்பினார். "இவங்க உங்களுக்கு முன்னாலேயே பழக்கமா?"

சின்னையா கண்ணாடியைக் கழற்றினார். அந்த வாரம் முழுவதிலும் முதல் தடவையாக மருமகளின் முகத்தைப் பார்த்தார்.

"எங்க வீட்டுப் பொண்ணுங்க. என் மகனுக்குக் கட்டி வச்ச பொண்ணு. நாந்தான் பாத்துக் கூட்டிக்கிட்டு வந்தேன்."

அவர் குரல் வராந்தாவரை கேட்டது. தாஜுதீன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். செல்லக்கண்ணு அழக்கூடாது என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி.

அதிகாரி அங்கேயே உட்கார்ந்து உத்தரவு எழுதினார். மாரியாயியின் தாள்தான் முதல் தாள்; இலக்கம் ஒன்று. போகும்போது அடைக்கலராஜிடம் நின்றார்.

"மெட்ராசில ஒரு கமிட்டி போடறோம். பாலம், ரோடு, பள்ளிக்கூடம், எல்லா மானியத்துக்கும் இதே மாதிரி எழுதணும். இந்த அம்மா ஆறு மாசம் அங்க வந்து இருக்க முடியுமா?"

அடைக்கலராஜ் பதில் சொல்வதற்குள் சின்னையா முந்திக்கொண்டார்.

"அனுப்பி வைக்கிறேங்க!"

*

பொன்மலை ஒர்க்‌ஷாப்பிலிருந்து செல்லக்கண்ணுவின் புருஷன் ரத்தினவேல் வருவதற்குள் சேதி அவனுக்கு முன்னால் சந்துக்கு வந்துவிட்டது. தாஜுதீன் உபயம்.

அவன் சைக்கிளைச் சாத்திவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு வந்தான். மணையில் உட்கார்ந்தான். அப்பா பக்கத்து மணையில், அன்றைய கதையை மூன்றாவது முறையாக அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். செல்லக்கண்ணு பரிமாறினாள். மாமனார் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டார்.

"மெட்ராஸ் போறியாமே?" என்றான் ரத்தினவேல் மனைவியிடம்.

"மாமா சொல்லிட்டாருங்க."

"அப்பா சொன்னது தெரியும். நீ என்ன சொன்னே?"

செல்லக்கண்ணு கரண்டியோடு நின்றாள். "என்னை யாரும் கேக்கலீங்க."

சின்னையாவின் கை இலையில் நின்றது. சந்தோஷத்தில் அவருக்கு அது தோன்றவே இல்லை.

"சரி, இப்ப நான் கேக்கறேன்" என்றான் ரத்தினவேல். "போகணும்னு இருக்கா?"

அவள் மாமியாரைப் பார்க்கவில்லை. மாமனாரைப் பார்க்கவில்லை. புருஷனை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"இருக்குங்க."

"அப்ப போயிட்டு வா. ரயில்வேக்காரன் பொண்டாட்டிக்கு மெட்ராஸ் என்ன தூரமா?" அவன் சோற்றைப் பிசைந்தான். கொஞ்சம் கழித்துத் தனக்குள் சொல்வதுபோல, "சந்துக்குள்ள நுழைஞ்சதுலேர்ந்து எல்லாருக்கும் உன்னைப் பத்தித்தான் பேச்சு" என்றான். காது மடல் சிவந்திருந்தது.

ரெங்கம்மாள் எல்லாருக்கும் மோர் ஊற்றினாள். பிறகு கணவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எல்லாம் சரிங்க. நாளைக்குக் காலைல நீங்க எங்க போவீங்க?"

"இதென்ன கேள்வி? ஆபீஸ் வாசலுக்குத்தான்."

"அங்க என்ன வேலை இருக்கு இனிமே?"

"புதுத் தாள் வந்திருக்கு, அதை எங்க வாங்கறது, எப்படி எழுதறதுன்னு வர்ற ஜனங்களுக்கு யாராவது சொல்லணும்ல? தாஜுதீன்கிட்டயும் பேசிட்டேன். ரெண்டு பேரும் உக்காந்து சொல்லப் போறோம்."

"அதுக்கு யாரு காசு குடுப்பா?"

சின்னையா மோரைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார்.

"அதை இன்னும் யோசிக்கல" என்றார். அப்போதும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போகவில்லை.